வி1-க்கு முன்னும் பின்னும்: விதிமுறையும் கைப்பழக்கமும்

சிமுலேட்டர் பயிற்சியின் இடைவேளையில் இரண்டு துணை விமானிகள் சண்டை போடாத குறையாக வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கு நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயர் புத்தகக்காரர். கையேட்டில் எந்தப் பக்கத்தில் எந்த வரி என்பது வரை சொல்வார். மற்றவர் கைக்காரர். கிளைடரில் பறந்து பழகியவர்; விமானம் அவர் பிடியில் சொன்னபடி கேட்கும், ஆனால் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய அறிவிப்புகளில் பாதியை விழுங்கிவிடுவார். "விதிமுறைப்படி செய்தால் போதும், மற்றதெல்லாம் வீரம் காட்டுவது" என்றார் முதலாமவர். "விதிமுறையை எழுதியவர் உங்கள் பக்கத்து இருக்கையில் வந்து உட்காரமாட்டார்" என்றார் இரண்டாமவர். பிறகு இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். "நீங்களே சொல்லுங்கள் சார்."

நான் தீர்ப்புச் சொல்லவில்லை. இருவரையும் ஆளுக்கு ஆறு முறை புறப்பட வைத்தேன். அப்போது சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் இங்கே எழுதுகிறேன். ஜெட் விமானத்தின் வலது இருக்கைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு இது. உங்கள் நிறுவனத்தின் கையேடு வேறுவிதமாகச் சொன்னால் கையேடுதான் சரி. அதை எப்படிப் பழகுவது என்பது மட்டுமே என் பேச்சு.

எண்களைத் தட்டும் முன் ஒரு மனக்கணக்கு

எடைத்தாள் கைக்கு வந்த நிமிடமே புறப்பாடு தொடங்கிவிடுகிறது. டேப்லெட்டில் எதையும் தட்டுவதற்கு முன், இன்றைய எடைக்கு வி1 (நிறுத்துவதானால் அதற்குள் நிறுத்தத் தொடங்க வேண்டிய வேகம்), விஆர் (மூக்கைத் தூக்கும் வேகம்), வி2 (ஓர் எஞ்சின் போனாலும் பத்திரமாக ஏறும் வேகம்) சுமாராக எவ்வளவு வரும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிவிடுங்கள். கணினி தரும் விடை உங்கள் ஊகத்திலிருந்து பத்து நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) தள்ளியிருந்தால் கையை எடுத்துவிட்டு, ஏன் என்று கேளுங்கள். முதல் மாதம் உங்கள் ஊகம் அபத்தமாக இருக்கும். மூன்றாவது மாதத்தில் கேப்டனே திரும்பிப் பார்ப்பார்.

2009 மார்ச் 20 அன்று மெல்போர்னில் எமிரேட்ஸ் 407 புறப்படும் முன், கணக்கிடும் மடிக்கணினியில் 362.9 டன் என்பதற்குப் பதில் 262.9 டன் என்று பதிவாகிவிட்டது. ஓர் எண், ஒரே ஓர் எண், நூறு டன்! அந்த ஏ340-500 வாலை உரசி, ஓடுபாதையைத் தாண்டி ஓடி, ஒருவழியாக மேலே ஏறியது. கடைசி நேரத்தில் கேப்டன் முழு உந்துவிசை கொடுத்தார், உயிர்ச்சேதம் இல்லை. சரிபார்ப்புக்கென்று விதிமுறைகள் இருந்தும் தவறு எல்லாவற்றையும் தாண்டி ஓடுபாதை வரை வந்துவிட்டது. தவறான எண்ணைத் தவறான எண்ணோடு ஒப்பிட்டால் பொருத்தமாகத்தானே இருக்கும்?

இதைச் சொன்னதும் கைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதற்குத்தான் சார் சொல்கிறேன். வேகம் ஏறவில்லை என்றால் எனக்கு முதுகிலேயே தெரிந்துவிடும்."

தெரியாது. எடை, வெப்பம், ஓடுபாதையின் நீளம் ஆகியவற்றைப் பார்த்து எஞ்சினின் உந்துவிசையைத் தினமும் வேண்டுமென்றே குறைத்துப் புறப்படுகிறோம். ஒரு நாள் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். மறுநாள் அதே விமானம் மாட்டுவண்டி போல நகரும். இரண்டுமே சரியான புறப்பாடுதான். மெல்போர்ன் விபத்தை ஆராய்ந்தவர்களும் இதையே சுட்டினார்கள். கைப்பழக்கத்தை நம்புகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது எங்கே பொய் சொல்லும் என்பதை.

கருவியும் பொய் சொல்லும். 1982 ஜனவரி 13, வாஷிங்டன், பனி. ஏர் ஃப்ளோரிடா 90 விமானத்தில் எஞ்சினின் பனித்தடுப்பு அணைந்தே இருந்தது. உணர்குழாய் உறைந்ததால், எஞ்சினின் விசையைக் காட்டும் அழுத்த விகித மானி 2.04 காட்டியது, உண்மையில் எஞ்சின் கொடுத்தது 1.70 அளவுக்கு. சரியாக இல்லை என்று துணை விமானி திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் நிறுத்தவில்லை, விசையைக் கூட்டவும் இல்லை. ஆற்றுப் பாலத்தில் மோதி 78 பேர் இறந்தார்கள். ஒரே வேலையைச் செய்யும் மானிகள் பக்கத்திலேயே இருந்தன. விசிறிச் சுழற்சியை ஒருமுறை பார்த்திருந்தால் போதும். ஆகவே உந்துவிசை லீவரை முன்னே தள்ளி விசை நிலைத்ததும் ஒரு மானியோடு நிறுத்தாதீர்கள். சுழற்சி, வெப்பம், எரிபொருள் ஓட்டம் எல்லாம் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று ஒரு வீச்சில் பாருங்கள். இரண்டு விநாடி வேலை.

வி1 என்ற கோடு

80 நாட் வரை எந்தக் கோளாறுக்கும் நிறுத்தலாம் (ஏர்பஸ்ஸில் இந்த எல்லை 100 நாட்). அதற்கு மேல் நெருப்பு, எஞ்சின் செயலிழப்பு, முன்னால் காற்றுவெட்டு (காற்றின் வேகமும் திசையும் திடீரென மாறுவது) இருப்பதாக எச்சரிக்கை, விமானம் பறக்கவே முடியாத நிலை போன்றவற்றுக்கு மட்டும்தான். இதை எல்லோரும் ஒப்பிப்பார்கள். வி1-ஐத்தான் பெரும்பாலானவர்கள் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். வி1 வந்த பிறகு யோசித்து முடிவெடுக்கக் கூடாது. நிறுத்துவதானால் அந்த வேகத்துக்குள் முதல் செயல் தொடங்கியிருக்க வேண்டும். ஜெட் விமானம் அந்தக் கட்டத்தில் விநாடிக்கு மூன்று முதல் ஆறு நாட் வரை வேகம் கூட்டுகிறது. ஒரு விநாடி தயங்கினால் கணக்கு வேறு, மிஞ்சியிருக்கும் ஓடுபாதையும் வேறு. புறப்பாட்டைக் கைவிட்டு ஓடுபாதையைத் தாண்டிய விபத்துகளை அமெரிக்காவில் தொகுத்து ஆராய்ந்தபோது, பாதிக்கு மேல் வி1-ஐக் கடந்த பிறகு நிறுத்த முயன்றவை என்று தெரிந்தது.

கேப்டனின் கை வி1 வரை லீவரில் இருக்கிறது, வி1 அறிவிப்பில் எடுக்கப்படுகிறது. சடங்கு மாதிரித் தோன்றும். அந்தக் கை அங்கேயே இருந்தால், பயம் வரும்போது அது பின்னால் இழுக்கும்; மூளையைக் கேட்காது. அதனால்தான் எடுக்கிறோம்.

நிறுத்தும் முடிவு பெரும்பாலான நிறுவனங்களில் கேப்டனுடையது. வலது இருக்கையில் உங்கள் வேலை, கண்டதைச் சொல்வது. "என்னவோ ஆகிறது" என்று சொல்வதால் யாருக்கும் பயன் இல்லை. "இடது எஞ்சின் விசை விழுகிறது" என்று சொல்லுங்கள்.

இனி புத்தகக்காரரும் கைக்காரரும் மோதிக்கொண்ட இடம்.

1992 ஜூலை 30, நியூயார்க். டிடபிள்யூஏ 843, லாக்ஹீட் எல்-1011, 292 பேர். துணை விமானி ஓட்டுகிறார். சக்கரம் தரையை விட்டதும், விமானம் தூக்குவிசை இழக்கப்போகிறது என்ற எச்சரிக்கையாகக் கைப்பிடி அதிர்கிறது. அது பொய்யான எச்சரிக்கை. துணை விமானி அந்த நொடியில் கட்டுப்பாட்டைக் கேப்டனிடம் விட்டுவிட, கேப்டன் விமானத்தை மீண்டும் தரையில் இறக்கினார். ஓடுபாதையை விட்டு விலகி எரிந்துபோனது. அத்தனை பேரும் தப்பியது பெரிய விஷயம். ஆனால் விமானம் பறந்துகொண்டிருந்தது. பறக்கும் விமானத்தை இறக்கினார்கள்.

2017 மார்ச் 8, மிச்சிகனின் வில்லோ ரன். அமெரிஸ்டார் 9363, எம்டி-83, 116 பேர். பலத்த காற்றில் நின்றிருந்தபோது வாலில் உள்ள, மூக்கை ஏற்றி இறக்கும் ஏற்றத் தகடு ஒன்று சிக்கிக்கொண்டது. அந்த ரக விமானத்தில் கைப்பிடி நேரடியாக அசைப்பது அந்தத் தகட்டை அல்ல, அதன் ஓரத்திலுள்ள சிறு துணைத்தகட்டை. அதனால் கைப்பிடி வழக்கம்போல் அசைந்தது. சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. விஆர் வேகத்தில் கேப்டன் இழுக்கிறார், மூக்கு எழவில்லை. இன்னும் இழுக்கிறார், எழவில்லை. வி1-ஐக் கடந்தாகிவிட்டது. நிறுத்தினார். ஓடுபாதையைத் தாண்டிப் போய் விமானம் உடைந்தது. உள்ளே இருந்த அத்தனை பேரும் உயிர் பிழைத்தார்கள். பக்கத்தில் இருந்தவர் பயிற்சி அளிக்கும் விமானி. அவரும் கட்டுப்பாட்டைப் பிடுங்கவில்லை. விசாரணை வாரியம் இருவர் செய்ததையும் சரி என்றது.

ஒருவர் விதியை மீறித் தவறு செய்தார், இன்னொருவர் விதியை மீறிக் காப்பாற்றினார் என்று இதைச் சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது ஒப்பவில்லை. வி1-க்குப் பிறகு போ என்ற விதிக்கு அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: விமானம் பறக்கும். நியூயார்க்கில் அந்த அனுமானம் உயிரோடு இருந்தது. வில்லோ ரன்னில் செத்துப்போயிருந்தது. காரணத்தைத் தெரிந்து வைத்திருப்பவருக்குத்தான் அது செத்த நாள் தெரியும். நீங்கள் மனப்பாடம் செய்யும் ஒவ்வொரு வரிக்கும் ஓரத்தில் பென்சிலால் ‘ஏன்’ என்பதை எழுதுங்கள். எழுத வராத வரிகளைத்தான் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டும்.

அதற்காக வி1-க்குப் பிறகு நிறுத்துவதைப் பழகத் தொடங்கிவிடாதீர்கள். வில்லோ ரன் போன்ற நாள் பெரும்பாலான விமானிகளுக்கு வாழ்நாளில் வருவதே இல்லை.

மூக்கைத் தூக்குவது

இதில் என் சொந்தக் கதை இருக்கிறது. 737-800-இல் எனக்கு இரண்டாவது ஆண்டு. பக்கவாட்டில் வீசி வீசி அடிக்கும் காற்று. கேப்டன் "ரொடேட்" (மூக்கைத் தூக்கு) என்று சற்று முன்னதாகவே சொல்லிவிட்டார். நான் வேகமானியைப் பார்க்கவில்லை. காதில் விழுந்த சொல்லுக்குக் கை கீழ்ப்படிந்தது. அதுவும் வெடுக்கென்று. பின்னால் ஏதோ உரசிய ஓசை கேட்டதாகப் பணிப்பெண் இன்டர்காமில் சொன்னபோது எனக்கு வயிறு சில்லிட்டது. கேபினில் அழுத்தம் ஏற்றாமல், உயரம் போகாமல், ஒரு வட்டம் அடித்துத் திரும்பி இறங்கினோம். வால் காப்பில் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பளபளப்பு. அவ்வளவுதான் சேதம். அந்த ரகத்தில் சக்கரம் தரையில் இருக்கும்போது மூக்கு 11 டிகிரி போனால் வால் தொட்டுவிடும். எனக்கு அந்த எண் அன்று காலையிலும் தெரியும். எண் மூளையில் இருந்தது, கையில் இல்லை.

ஆகவே அறிவிப்பு காதில் விழுந்ததும் கண் வேகத்தை ஒருமுறை தொடட்டும், பிறகு கை. விநாடிக்கு 2 முதல் 3 டிகிரி வரை, ஒரே சீராக. "ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு" என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டு இழுத்தால் மூன்றாவது அல்லது நான்காவது எண்ணில் சக்கரம் தரையை விடும். விமானம் கனமாகத் தோன்றினால் இன்னும் இழுக்கத் தோன்றும். அந்த ஆசையை அடக்குங்கள். காற்றடிக்கும் நாளில் இழுக்கும் வேகம் கூடவே கூடாது. முடிந்தால் ஒரு நூலிழை குறையட்டும். கருவியில் தெரியும் வழிகாட்டிக் கோடு சக்கரம் தரையை விடும் வரை உங்களுக்கு எசமான் இல்லை. வெளியே தொடுவானம், உள்ளே மூக்கின் கோணம். இரண்டே இரண்டு.

எஞ்சின் போனால்

சிமுலேட்டரில் எல்லோரும் பயப்படுவது, வி1 கடந்ததும் ஓர் எஞ்சின் நிற்பதற்கு. இதில் கையும் காலும்தான் முதலில். பார்வையை ஓடுபாதையின் கடைக்கோடிக்கு அனுப்புங்கள். மூக்கு எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்கு எதிர்ப் பக்கத்துக் கால். உதைக்க வேண்டாம், நடுக்கோடு நிற்கும் அளவுக்கு அழுத்தினால் போதும். மேலெழுந்த பிறகு, கைப்பிடி உள்ள விமானமானால் அதைப் பாருங்கள்: அது நேராக நின்றால் உங்கள் கால் சரியாக இருக்கிறது என்று பொருள், சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தால் கால் போதவில்லை. மூக்கை வழக்கத்தைவிடச் சற்று மெதுவாக, சற்றுக் குறைவாக, 12 அல்லது 13 டிகிரிக்குத் தூக்குங்கள். ஏறுகிறது என்று உறுதியானதும் சக்கரத்தை மடக்குங்கள். பிறகு 400 அடி வரை ஒன்றும் செய்யாதீர்கள்.

இந்த ஒன்றும் செய்யாமல் இருப்பதுதான் கடினமான வேலை. 2015 பிப்ரவரி 4, தைபே. டிரான்ஸ் ஏசியா 235, ஏடிஆர் 72-600. புறப்பட்டுச் சிறிது நேரத்திலேயே இரண்டாவது எஞ்சினின் சுழலி (புரொப்பெல்லர்) விசை தராதபடி தானாகவே காற்றுக்கு ஒதுங்கி நின்றது. கேப்டன் அவசரத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த முதலாவது எஞ்சினின் லீவரைப் பின்னால் இழுத்தார். 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். எது போனது என்று ஒருவர் சொல்லி, மற்றவர் உறுதிசெய்து, பிறகுதான் லீவரைத் தொட வேண்டும் என்பது விதி. அது கையின் அவசரத்தைக் குறைக்கவே எழுதப்பட்ட விதி. கைக்காரருக்கு அன்று நான் அழுத்திச் சொன்னது இதைத்தான். தொடுவதற்கு முன் லீவரைச் சுட்டி "இரண்டாவது எஞ்சின்தானே?" என்று கேளுங்கள். பதில் வரும் வரை விரல் காற்றில் நிற்கட்டும்.

புத்தகக்காரருக்குச் சொன்ன கதை வேறு. 1979 மே 25, சிகாகோ, அமெரிக்கன் 191. மூக்கைத் தூக்கும்போது டிசி-10-இன் இடது எஞ்சின் தாங்கியோடு பிய்ந்து விழுந்தது. அது போகும்போது அறுத்த குழாய்களால் இடது இறக்கையின் வெளிப்புற முன்மடல்கள் (குறைந்த வேகத்திலும் தூக்குவிசை தர இறக்கையின் முன்விளிம்பில் நீளும் தகடுகள்) உள்ளே போய்விட்டன. விமானிகளுக்கு அது தெரியாது. காட்டும் கருவிகளும் செத்துவிட்டன. விமானத்துக்கு அப்போது 172 நாட் வரை வேகம் இருந்தது. எஞ்சின் போனால் வி2-வில் ஏறு என்பது அன்றைய விதி. வி2 153 நாட். அவர்கள் பிசகாமல் அதைச் செய்தார்கள், மூக்கை உயர்த்தி வேகத்தைக் குறைத்தார்கள். முன்மடல் இல்லாத இடது இறக்கை 159 நாட்டிலேயே தூக்குவிசையை இழந்துவிட்டது. விமானத்தில் இருந்த 271 பேரும் தரையில் இருவரும் இறந்தார்கள். அந்த விமானிகளைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. பயிற்சி எதைக் கற்பித்ததோ அதையே செய்தார்கள். இன்று கற்பிப்பது வேறு: எஞ்சின் போகும்போது வி2-வுக்கு மேல் வேகம் இருந்தால் அதைக் கரைக்காதே, வி2-வுக்கும் அதற்கு மேல் 20 நாட்டுக்கும் இடையில் இருந்தால் அப்படியே வைத்துக்கொள்.

கதை முடிந்ததும் புத்தகக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பென்சிலைக் கேட்டு வாங்கினார்.

சிமுலேட்டர் கிடைக்காத நாட்களில்

ஒரு நாற்காலி போதும். காலுக்கு முன்னால் இரண்டு தடித்த புத்தகங்கள், அவை பெடல்கள். கையில் ஓர் அளவுகோல், அது லீவர். கண்ணை மூடிக்கொள்ளாமல் சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி, லீவரைத் தள்ளுவதிலிருந்து 400 அடி வரை எல்லா அறிவிப்புகளையும் உரக்கச் சொல்லுங்கள். முணுமுணுத்தால் பயனில்லை, வீட்டில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஒரு தடவை ஒன்றும் நடக்காது. அடுத்த தடவை 70 நாட்டில் கதவு விளக்கு. அதற்கடுத்து 120-இல் நெருப்பு மணி. என்ன நடக்கப் போகிறது என்று உங்களுக்கே முன்கூட்டித் தெரியாதபடி சீட்டுக் குலுக்கி எடுங்கள்.

உண்மையான பயணத்தில், காற்று அமைதியாக இருந்து, வானூர்திப் போக்குவரத்தும் குறைவாக இருந்தால், தானியங்கி ஓட்டியை 400 அடியிலேயே இணைத்துவிடாமல் பத்தாயிரம் அடி வரை கையால் ஏற்றக் கேப்டனிடம் அனுமதி கேளுங்கள். 2013 ஜனவரியில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமே, வாய்ப்புள்ளபோது கையால் ஓட்டுவதை ஊக்குவியுங்கள் என்று நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. சில கேப்டன்கள் மறுப்பார்கள். அவர்களோடு வாதாட வேண்டாம், அடுத்தவரிடம் கேளுங்கள்.

அன்றைய பயிற்சியின் கடைசிப் புறப்பாடு கைக்காரருடையது. இருவர் முகத்திலும் வியர்வை. அடுத்து எதைப் பழுதாக்கப் போகிறேன் என்று எதிர்பார்த்துக் கைக்காரரின் வலது கால் முன்கூட்டியே பெடலில் விறைத்து நின்றது. 80 நாட். வி1. ரொடேட். மூக்கு அழகாக எழுந்தது. 500 அடி, 700 அடி, 1000 அடி. இரண்டு எஞ்சினும் கச்சிதமாக ஓடிக்கொண்டிருந்தன. இருவரும் மானிகளை வெறித்துப் பார்த்தபடி இருந்தார்கள். விமானம் ஏனோ எதிர்பார்த்த அளவுக்கு ஏறவில்லை. காற்றின் இரைச்சலும் அதிகமாக இருந்தது.

"ஒன்றுமே பழுதாகவில்லையே சார்?" என்றார் கைக்காரர்.

"ஆகவில்லை. சக்கரத்தை இன்னும் மடக்கவில்லை, அவ்வளவுதான்."